பைக்கில் பியூஸ் போனால், கரண்ட் வராவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊரில் அதிகம் ஓடும் 100 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளை மனதில் வைத்து எழுதியது இது. எல்லாமே 12 வோல்ட் வண்டிகள். ஒரு சாதாரண மல்டிமீட்டரும், வயர் சேர்த்த ஹோல்டரோடு ஒரு பழைய 21 வாட் பிரேக் லைட் பல்பும் இருந்தால் இதில் சொன்னவற்றில் பெரும்பாலானதை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். எந்த பியூஸ் எங்கே இருக்கிறது, எத்தனை ஆம்பியர் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதற்கு வண்டியோடு வந்த மேனுவலைப் பாருங்கள்.

சாவியைத் திருப்பினால் எதுவுமே எரியவில்லை. பியூஸ் போய்விட்டதா?

இருக்கலாம். ஆனால் பியூஸைத் தேடுவதற்கு முன்னால் பேட்டரி டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். குண்டும் குழியுமான ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு அந்த ஸ்க்ரூ தளர்ந்துபோவது சகஜம். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரியை வெளியே எடுத்து, சுத்தமாகத் தேய்த்து, மறுபடி இறுக்கி, மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றினால், ஸ்பேனர் சேஸிஸில் பட்ட நொடியில் பேட்டரி முழுதும் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஸ்பேனர் சேஸிஸில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

டெர்மினல் இறுக்கமாக இருக்கிறது, மீட்டரில் 12.4 வோல்டுக்கு மேல் காட்டுகிறது, அப்படியும் ஒன்றும் எரியவில்லை என்றால் மெயின் பியூஸைப் பாருங்கள். அதுவும் நன்றாக இருந்தால் அடுத்தது சாவி சுவிட்சிலிருந்து கீழே வரும் கப்ளர், அதாவது வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு.

பியூஸ் போயிருப்பதைக் கண்ணால் பார்த்தே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். அது எப்படிப் போயிருக்கிறது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பழைய கண்ணாடி பியூஸில் உள்பக்கம் கருத்தோ, வெள்ளிப் பூச்சு போலவோ படிந்திருந்தால் ஒரே அடியாகப் பெரிய கரண்ட் போயிருக்கிறது. எங்கேயோ நேரடி ஷார்ட். கண்ணாடி சுத்தமாக இருந்து, நடுவில் மட்டும் கம்பி உருகி இடைவெளி விழுந்திருந்தால் அளவுக்குக் கொஞ்சம் மேலே லோடு இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஹாரன் மாற்றினோமா, ஃபாக் லைட் போட்டோமா என்று யோசிக்க வேண்டியது அப்போதுதான். உருகின அடையாளமே இல்லாமல், ஓரத்தில் மயிரிழைபோல விட்டிருந்தால் அதிர்விலேயே அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட பியூஸை மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டலாம்.

பிளேடு பியூஸில் நிறம் பார்த்தால் ஆம்பியர் தெரியும். 5 வெளிர் பழுப்பு, 7.5 காப்பி நிறம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பியூஸும் சில சமயம் ஏமாற்றும். வெளியே எடுத்து, மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் கன்டினியூட்டியில் வைத்துப் பார்ப்பதுதான் உறுதி.

புது பியூஸ் போட்டவுடன் அதுவும் போய்விடுகிறது. நான்கு பியூஸ் வீணாகிவிட்டது. என்ன செய்வது?

ஐந்தாவதைப் போடாதீர்கள். அந்த இடத்தில் பல்பை மாட்டுங்கள்.

பியூஸை எடுத்துவிட்டு, அது உட்காரும் இரண்டு முனைகளிலும் பல்பின் இரண்டு வயரையும் சொருகுங்கள். 21 வாட் பல்ப் 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது. அதனால் எவ்வளவு மோசமான ஷார்ட் இருந்தாலும் வயர் சூடாகாது. பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். ஷார்ட் விலகிய நொடியில் பல்ப் அணையும் அல்லது மங்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம், ஒரு பியூஸும் செலவாகாது.

மெயின் பியூஸ் இடத்தில் செய்வதாக வைத்துக்கொள்வோம். பல்பை மாட்டுவதற்கு முன், பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்கும்போதே ஹெட்லைட் கப்ளரைக் கழற்றிவிடுங்கள். எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியாக இருந்தால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவின் கப்ளரையும் கழற்றுங்கள். இப்போது பல்பை மாட்டி, நெகட்டிவைக் கொடுங்கள். சாவி ஆஃபில் இருக்கும்போதே பல்ப் பளிச்சென்று எரிகிறதா? அப்படியென்றால் கோளாறு சாவி சுவிட்சுக்கு முன்னால் இருக்கிறது. பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும், ஆர்ஆர் யூனிட் என்று சொல்லும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரும் பல வண்டிகளில் இந்தப் பகுதியில்தான் இணைந்திருக்கும். அதன் கப்ளரைப் பிடுங்கிப் பாருங்கள். பல்ப் அணைந்தால் யூனிட்டுக்குள் டையோடு ஷார்ட். அணையாவிட்டால் சாவி சுவிட்ச் வரை போகும் வயரைத் தடவிக்கொண்டே போங்கள்.

சாவி ஆன் செய்த பிறகுதான் எரிகிறது என்றால், சாவிக்கு அப்பால் இருக்கும் ஒவ்வொரு கிளையையும் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். ஹாரன் வயர், பிரேக் சுவிட்ச் வயர், இண்டிகேட்டர் பிளாஷர், டெயில் லைட் கப்ளர், மீட்டர் கப்ளர். எதைப் பிரித்தபோது பல்ப் அணைகிறதோ அந்தக் கிளைதான் குற்றவாளி. நடுவில் மங்கலாக எரிவது சாதாரண லோடு. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முழுப் பிரகாசம்தான் ஷார்ட்.

கிளை தெரிந்தபின் பல்பைப் பார்வையில் படும்படி வைத்துக்கொண்டு அந்த வயரை அங்குலம் அங்குலமாக அசையுங்கள். எந்த இடத்தில் கை பட்டபோது பல்ப் சிமிட்டுகிறதோ அங்கே டேப்பைப் பிரித்தால் செம்பு தெரியும்.

ஏபிஎஸ், ஈசியூ ஆகியவற்றுக்கென்று தனியாக இருக்கும் பியூஸ்களில் இந்தப் பல்ப் வேலை வேண்டாம். அதேபோல் ஈசியூ கப்ளரின் பின்களில் பல்பை வைத்துக் குத்திப் பார்க்கவே கூடாது. பல்ப் இழுக்கும் கரண்டை உள்ளே இருக்கும் சர்க்யூட் தாங்காது.

வயர் பொதுவாக எங்கே உரசும்?

ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதிதான் முதலிடம். ஒவ்வொரு வளைவிலும் அந்த வயர்க் கற்றை மடங்கி நிமிர்கிறது. அங்கே யாராவது டையை இறுக்கிக் கட்டியிருந்தால் சில வருடத்தில் தோல் உரிந்துவிடும். அடுத்தது பெட்ரோல் டேங்குக்கு அடியில், சேஸிஸ் மேல் படுத்திருக்கும் பகுதி. பிறகு பின் மட்கார்டுக்கு அடியில் டெயில் லைட்டுக்குப் போகும் வயர். கிளிப் விட்டால் டயரில் பட்டுத் தேயும்.

கம்பெனியிலிருந்து வரும்போது இல்லாத காரணங்கள்தான் என் பார்வையில் அதிகம். சாரி கார்டு, லெக் கார்டு, பேக் ரெஸ்ட் மாட்டும்போது போல்ட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே வயர் நசுங்கிவிடுகிறது. உடனே தெரியாது. பிளாஸ்டிக் தோல் மெல்ல மெல்ல அறுந்து, மாதங்கள் கழித்து ஒரு மழை நாளில் பியூஸ் போகும். அதற்குள் சாரி கார்டு மாட்டியதையே மறந்திருப்போம். அதனால் வண்டியில் வெளியிலிருந்து என்னவெல்லாம் மாட்டியிருக்கிறது என்று முதலில் கணக்கெடுங்கள்.

சீட்டுக்கு அடியில் டூல் கிட்டைத் திணித்து வைப்பவர்கள், பேட்டரி பாசிட்டிவ் மேல் ரப்பர் மூடி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சும்மா நிற்கும்போது ஒன்றும் ஆவதில்லை. ஓட்டும்போது எப்போதாவது பியூஸ் போகிறது. எப்படிப் பிடிப்பது?

எந்தச் செயலோடு சேர்ந்து போகிறது என்று கவனியுங்கள். ஹேண்டிலை முழுக்க ஒரு பக்கம் ஒடிக்கும்போதா? கழுத்துப் பகுதி. பிரேக் மிதித்தவுடனா? பின் பிரேக் சுவிட்ச், அல்லது டெயில் லைட் வயர். பின்னால் ஆள் உட்கார்ந்தால் மட்டுமா? ஷாக் அப்சார்பர் அமுங்கி மட்கார்டு வயர் டயரிலோ சேஸிஸிலோ படுகிறது, அல்லது சீட் பேஸ் வயரை நசுக்குகிறது. நன்றாகச் சூடான பிறகுதானா? சைலன்சருக்குப் பக்கத்தில் போகும் வயர் இளகுகிறது. வலது இண்டிகேட்டர் போட்டால் மட்டுமா? அந்தப் பக்கம் வண்டி எப்போதாவது விழுந்திருக்கும். தண்டுக்குள் வயர் நசுங்கி உலோகத்தில் படும்.

காரணம் தெரிந்தபின் அதே பல்பை மாட்டி, நிற்க வைத்தே அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். சீட்டில் ஒருவரை உட்கார்ந்து குதிக்கச் சொல்லலாம்.

10 ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கிறது. 20 போட்டால் நிற்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. பியூஸின் அளவு, பல்புக்கோ ஹாரனுக்கோ பார்த்து மட்டும் வைத்ததில்லை. அந்த வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வைத்தது. 10 ஆம்பியர் பியூஸ் வழியாக 20 ஆம்பியர் போனால் சில நொடிகளில் உருகிவிடும். அங்கே 20 ஆம்பியர் பியூஸ் இருந்தால் அது சும்மா உட்கார்ந்திருக்கும், சூடாவது வயர். வயர் தனியாகப் போவதில்லை. டேங்குக்கு அடியில் இருபது வயரோடு சேர்த்துச் சுற்றியிருக்கிறது. ஒன்று உருகினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மேலே பெட்ரோல் இருக்கிறது.

செம்புக் கம்பி சுற்றுவது, சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள் வைப்பது எல்லாம் இன்னும் மோசம். அதற்கு ஆம்பியர் அளவே கிடையாது. சில கடைகளில் அவசரத்துக்கு இதைச் செய்து அனுப்பிவிடுகிறார்கள். வண்டி சர்வீஸிலிருந்து வந்ததும் பியூஸ் பாக்ஸைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

லோடு உண்மையிலேயே கூடிவிட்டதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாட்டை 12ஆல் வகுத்தால் ஆம்பியர். ஹெட்லைட் 60 வாட், டெயில் 5, பிரேக் 21, ஒரு பக்கத்து இண்டிகேட்டர் இரண்டும் சேர்ந்து 20. மொத்தம் 106 வாட், அதாவது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். இதன் மேல் ஹாரன் 3 ஆம்பியர் எடுத்தால் 12. இதெல்லாம் ஒரே பியூஸ் வழியாகப் போகும் வண்டியில் 15 ஆம்பியர் பியூஸ் இருந்தால், கூடுதல் ஃபாக் லைட்டுக்கு அங்கே இடமில்லை.

இரவில், ஊருக்கு நடுவழியில் பியூஸ் போய்விட்டது. கையில் புதுசு இல்லை. என்ன வழி?

பல பியூஸ் பாக்ஸ்களில் மூடியிலோ ஓரத்திலோ ஒரு ஸ்பேர் பியூஸ் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். இல்லாவிட்டால், அதே ஆம்பியரில் வேறு எதற்காவது இருக்கும் பியூஸை இடம் மாற்றுங்கள். ஆம்பியர் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை; கூடுதலாக இருக்கக் கூடாது. போடுவதற்கு முன் சந்தேகப்படும் சாமானின் கப்ளரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இதுவும் போகும். ஹெட்லைட் இல்லாமல் ஹைவேயில் ஓட்டாதீர்கள். பக்கத்து டீக்கடை வரை தள்ளிக்கொண்டு போனாலும் சரி. பிளேடு பியூஸ் விலை மிகக் குறைவு; உங்கள் வண்டிக்கான ஒவ்வொரு அளவிலும் இரண்டு வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.

பியூஸ் நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஹெட்லைட் மங்கல், ஹாரன் முனகுகிறது. ஏன்?

கரண்ட் வழியில் எங்கேயோ தடைபடுகிறது. ஹெட்லைட்டை எரியவிட்டுக்கொண்டே அளந்தால்தான் தெரியும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள், இன்னொரு முனையை ஹெட்லைட் பல்பின் பாசிட்டிவ் வயரில் வையுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் நடுவில் ஒரு கப்ளரோ சுவிட்சோ கெட்டிருக்கிறது. பிறகு பல்பின் எர்த்துக்கும் (கரண்ட் சேஸிஸ் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வயர்) பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அங்கே காட்டினால் எர்த் கோளாறு. சேஸிஸில் எர்த் வயர் உட்காரும் போல்ட்டைக் கழற்றி, பெயின்டும் துருவும் போகத் தேய்த்து இறுக்கினால் பாதி வண்டிகள் அங்கேயே சரியாகிவிடும்.

எர்த் வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹோண்டா, ஹீரோ வண்டிகளில் பச்சை, யமஹாவில் கருப்பு. இதைத் தெரியாமல் கருப்பு வயர்தானே எர்த் என்று ஹோண்டாவில் சேஸிஸோடு இணைத்தால் பியூஸ் போகும். அங்கே கருப்பு, சாவி போட்டதும் 12 வோல்ட் வரும் வயர்.

இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கினால், அதுவும் எர்த்தான். சந்தேகமே வேண்டாம்.

செல்ஃப் அடித்தால் டக் டக் என்கிறது, எஞ்சின் சுற்றவில்லை.

செல்ஃப் பட்டனை அழுத்திக்கொண்டே பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 12.6 இருந்தது 9, 8 என்று விழுந்தால் பேட்டரி பலவீனம். 12க்குப் பக்கத்திலேயே நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. ரிலேயின் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) உள்முனை கரிந்திருக்கிறது, அல்லது மோட்டார் கார்பன் தேய்ந்திருக்கிறது, அல்லது தடித்த கேபிளின் நட் தளர்ந்திருக்கிறது. டக் சத்தமே வராவிட்டால் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் மூன்றையும் பாருங்கள்.

புது பேட்டரி போட்டும் ஒரு வாரத்தில் இறங்கிவிடுகிறது. பேட்டரி மட்டமா?

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜிங்கைப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை பேட்டரியின் மேல் வைத்து, ஆக்ஸிலேட்டரை 4,000 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் நல்லது. 13க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பல்புகள் ஒன்று மாற்றி ஒன்று போவதற்கும், பேட்டரி உப்புவதற்கும் அதுதான் காரணம்.

சார்ஜ் ஏறாவிட்டால், எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து வரும் கப்ளரைக் கழற்றுங்கள். மூன்று மஞ்சள் வயர் இருந்தால், எஞ்சின் ஆஃபில் ஒவ்வொன்றுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கன்டினியூட்டி பாருங்கள். பீப் வரக்கூடாது. வந்தால் காயில் எரிந்து எர்த் ஆகியிருக்கிறது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்டில் வைத்து, இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் அளங்கள். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரவேண்டும். ஒரு ஜோடி மட்டும் ரொம்பக் குறைந்தால் காயில்தான். காயில் நன்றாக இருந்தால் ஆர்ஆர் யூனிட். அந்தக் கப்ளரையும் உற்றுப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் காப்பி நிறமாக மாறியிருந்தால் பின் தளர்ந்து சூடாகியிருக்கிறது. கப்ளரை மாற்றாமல் யூனிட்டை மட்டும் மாற்றினால் புது யூனிட்டும் போகும்.

சார்ஜிங் சரியாக இருந்தும் நின்ற இடத்தில் இறங்கினால் எங்கேயோ கசிகிறது. சாவி ஆஃபில் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து நடுவில் இணைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் காட்டினால் அலாரம், ஜிபிஎஸ், மொபைல் சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள். மீட்டரின் பியூஸ் போய்விடும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி அணைகிறதா என்று பார்க்கும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. எஃப்ஐ வண்டியில் அதைச் செய்ய யாரையும் விடாதீர்கள். வோல்ட் எகிறி ஈசியூ போகும்.

பழைய வண்டி பேட்டரியே இல்லாமல் கிக்கில் ஓடியது. புது வண்டி ஏன் ஓடவில்லை?

பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட் நேராக மேக்னெட்டிலிருந்து வந்தது. ஹெட்லைட்டும் அப்படித்தான், ஆக்ஸிலேட்டர் கூடினால் வெளிச்சம் கூடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலும் எஃப்ஐ. அதில் ஈசியூவும் பெட்ரோல் பம்பும் உயிர் பெற பேட்டரி வேண்டும். மெயின் பியூஸ் போனால் எத்தனை கிக் அடித்தாலும் வராது. ஓய்ந்துபோகாமல் பியூஸைப் பாருங்கள்.

புது வண்டியில் ஹெட்லைட் அணையவே மாட்டேன் என்கிறது. சுவிட்ச் ஷார்ட்டா?

கோளாறு இல்லை. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் பைக்குகளில் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்பது விதி.

ஃபாக் லைட் போட வேண்டும். எப்படிப் போட்டால் பிரச்சினை வராது?

ஹெட்லைட் வயரில் கடித்து ஒட்டுப் போடாதீர்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி பியூஸ், நடுவில் ரிலே. ரிலேயின் 30ஆம் பின்னுக்கு பியூஸிலிருந்து வரும் வயர், 87இலிருந்து லைட்டுக்கு. 86க்கு சாவி போட்டால் கரண்ட் வரும் வயரை சுவிட்ச் வழியாகக் கொடுங்கள், 85ஐ எர்த் செய்யுங்கள். 20 வாட் லைட் இரண்டு என்றால் 3.3 ஆம்பியர், 5 ஆம்பியர் பியூஸ் போதும். சுவிட்ச் வழியாக ரிலேயை இயக்கும் சின்னக் கரண்ட் மட்டும் போவதால் ஹேண்டில் வயர் சூடாகாது.

ஒட்டுகளைச் சும்மா முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகி, டேப் பிரிந்துவிடும். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். எலக்ட்ரீஷியன் அதற்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்கலாம்.

எல்இடி இண்டிகேட்டர் போட்டதும் வேகமாக மினுக்குகிறது.

பிளாஷர் பழைய பல்பின் லோடை எதிர்பார்க்கிறது. எல்இடிக்கான பிளாஷர் மாற்றுங்கள். பல்ப் மாற்றாமலேயே வேகம் கூடினால், அந்தப் பக்கம் ஒரு பல்ப் போயிருக்கிறது.

வாட்டர் சர்வீஸுக்குப் பிறகு ஹாரன் வரவில்லை, பிரேக் லைட் அணையவில்லை.

ஆயுத பூஜை சமயத்தில் நிறையப் பேருக்கு இது வரும். பிரஷர் தண்ணீர் சுவிட்சுக்குள் புகுந்துவிட்டது. வெயிலில் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் சுவிட்சைத் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். அடுத்த முறை ஹேண்டில் சுவிட்ச், மீட்டர், சீட்டுக்கு அடிப்பகுதி மூன்றிலும் நேராக அடிக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

சாவியைக்கூடப் போடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டிக்கு முதல் வேலை பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது. ஈரமான கப்ளரில் கரண்ட் இருந்தால் பின்கள் வேகமாக அரித்துப் பச்சை பூக்கும். கரண்ட் இல்லாவிட்டால் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். பிறகு ஒவ்வொரு கப்ளரையும் பிரித்து, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, காற்றடித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவையுங்கள். எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், பெட்ரோல் மூன்றிலும் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பேட்டரியை மாட்ட வேண்டும். மாட்டும்போது மெயின் பியூஸ் இடத்தில் அந்த 21 வாட் பல்பை வைத்து, சாவி ஆஃபில் அது எரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு பியூஸைப் போடுங்கள்.